ஆயுத பூஜைக்கு அணைத்த சர்வர்

எங்கள் கம்பெனியில் செருப்பைக் கழற்றிவிட்டு நுழைய வேண்டிய இடங்கள் இரண்டு இருந்தன. ஒன்று கேட்டுக்குப் பக்கத்திலிருந்த பிள்ளையார் கோயில், இன்னொன்று என் கம்ப்யூட்டர் அறை. ஓசூர் தொழிற்பேட்டையில் வண்டிகளுக்குப் பல்சக்கரம் வெட்டுகிற கம்பெனி அது. தொண்ணூறுகளின் நடுவில் அங்கே கம்ப்யூட்டர் என்றால் எல்லோருக்கும் ஒரு பயபக்தி. டிப்ளமா முடித்துவிட்டு வந்த எனக்கு, அந்தப் பக்தியில் பாதி என் மேல்தான் என்று ஒரு நினைப்பு. கிருஷ்ணகிரியில் மாங்காய் மண்டி வைத்திருந்த என் அத்தா வேறு, "எம் பையன் கம்ப்யூட்டருக்கே வைத்தியம் பாக்கறவன்" என்று வருவோர் போவோரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். தலைக்கனம் வராமல் என்ன செய்யும்.

நான் வைத்தியம் பார்த்தது முக்கியமாக ஒரே ஒரு பெட்டிக்கு. ஃபைல் சர்வர். ஸ்டோர்ஸ், டெஸ்பாட்ச், வரைபடங்கள், இன்ஸ்பெக்‌ஷன் பதிவுகள் என்று கம்பெனிக்கு ஞாபகம் என்று இருந்ததெல்லாம் அதன் டிஸ்க்கில்தான். மற்ற மேசைகளில் டாஸ் ஓடுகிற பழைய கம்ப்யூட்டர்கள். காலையில் அவற்றைச் சர்வரோடு சேர்த்துவைப்பது என் வேலை. ஃப்ளாப்பியைப் போட்டு எழுப்ப வேண்டும், நெட்வொர்க் கார்டுக்கான சின்னச் சின்ன புரோகிராம்களை வரிசை மாறாமல் ஏற்ற வேண்டும், பிறகு பெயரும் பாஸ்வேர்டும் கொடுக்க வேண்டும். எல்லாம் சரியாக நடந்தால் திரையில் F என்ற எழுத்து வந்து நிற்கும். F வந்துவிட்டால் சர்வர் கைக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். ஒரே ஒரு கறுப்பு கேபிள்தான் மேசை மேசையாகக் கோத்துக்கொண்டு ஓடும். எங்கேயாவது யாராவது அதைக் காலால் இடறினால் மொத்த வரிசையும் படுத்துவிடும். அப்போது நாலாபக்கமும் "பாய், பாய்" என்று குரல் கேட்கும். சலித்துக்கொள்வது போல முகத்தை வைத்துக்கொண்டு எழுந்து போவேன். உள்ளுக்குள் அது எனக்குப் பிடித்திருந்தது.

அந்த வருஷம் மேனேஜர் மேசைக்கு விண்டோஸ் போட்ட புதுக் கம்ப்யூட்டர் ஒன்று வந்தது. அது சர்வரைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டேன் என்றது. பழைய சர்வர் தகவலை ஒரு விதமாகப் பொட்டலம் கட்டிக் கேபிளில் அனுப்பும். புதுசு வேறு விதமாகக் கட்டும். ஒன்று கட்டியதை இன்னொன்றுக்குப் பிரிக்கத் தெரியாது. இது எனக்குப் புரிந்திருந்ததே தவிர, விண்டோஸில் எங்கே போய் எதை மாற்றினாலும் பலிக்கவில்லை. "என்னப்பா, உன் வைத்தியம் ஏழைங்களுக்கு மட்டும்தானா" என்று மேனேஜர் கேலி செய்துகொண்டிருந்தார்.

சர்வரைப் பராமரிக்க பெங்களூரிலிருந்து ஒரு இன்ஜினியர் எப்போதாவது வருவார். பூஜைக்குச் சில மாதங்களுக்கு முன்னால் வந்தபோது, டீக்கடையில் வைத்து என்னிடம் மட்டும் ஒரு விஷயம் சொன்னார். டிஸ்க் ரொம்பப் பழசாகிவிட்டது, வருஷக்கணக்கில் நிற்காமல் சுற்றிக்கொண்டிருக்கிறது. சுற்றுகிற வரைக்கும் சுற்றும், ஒரு தடவை நிறுத்தினால் உள்ளேயே ஒட்டிக்கொண்டுவிடும், திரும்ப எழுந்திருக்காது. புது டிஸ்க் வருகிறவரை எக்காரணம் கொண்டும் அணைக்காதே என்றார். நான் புது டிஸ்க்குக்கு எழுதிக் கொடுத்தேன், பர்ச்சேஸில் தூங்கியது. நகல் எடுக்கிற டேப் மிஷினும் ரிப்பேராகிக் கிடந்தது, அதுவும் அங்கேயே தூங்கியது. அந்த எச்சரிக்கையை நான் வேறு யாரிடமும் சொல்லவில்லை. கம்பெனியின் உயிர் எங்கே இருக்கிறது என்று எனக்கு மட்டும் தெரியும் என்பதில் ஒரு அற்ப சந்தோஷம்.

என் அறையில் இன்னொரு நாற்காலி இருந்தது. அதில் உட்கார்ந்து டைப் செய்த பெண் அருப்புக்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்தவள். மத்திகிரியில் அம்மாவோடு ஒண்டுக்குடித்தனம், டவுன் பஸ்ஸில் வேலைக்கு வருவாள். கம்பெனி தொடங்கிய நாளிலிருந்து ரெஜிஸ்டர்களில் எழுதிவைத்திருந்த இன்ஸ்பெக்‌ஷன் பதிவுகளையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றுவது அவள் வேலை. காண்ட்ராக்ட் வேலைதான். ஆனால் கணக்கு வருஷம் முடிகிற மார்ச்சுக்குள் எல்லாவற்றையும் ஏற்றி முடித்துவிட்டால் பெர்மனென்ட் ஆக்குவதாக மேனேஜர் வாய்விட்டுச் சொல்லியிருந்தார். இல்லையென்றால் அம்மாவைக் கூட்டிக்கொண்டு ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான் என்று அவள் என்னிடம் சொல்லியிருக்கிறாள். ஆயுத பூஜை வந்தபோது கடைசி ரெஜிஸ்டர்களில் இருந்தாள். அவள் ஏற்றியதெல்லாம் அந்தச் சர்வரில்தான் இருந்தது.

எங்கள் பக்கத்துக் கம்பெனிகளில் தீபாவளியைவிட ஆயுத பூஜைதான் பெரிசு. லீவுக்கு முதல் நாள் மதியம் எல்லா மிஷினையும் நிறுத்தி, எண்ணெய்ப் பிசுக்கு போகத் துடைத்து, சந்தனமும் குங்குமமும் வைத்துவிடுவார்கள். அதற்குப் பிறகு எதையும் ஓட்டக் கூடாது. ஒரு ஸ்பேனரைக்கூடக் கையில் எடுக்க மாட்டார்கள். உழைத்த இரும்புக்கு ஓய்வு. முந்தைய வருஷங்களில் சர்வர் ஆபீஸின் உள்ளறையில் பூட்டிக் கிடந்ததால் அது ஓடுவது யாருக்கும் தெரியாது. அந்த வருஷம், வருகிறவர்களுக்குக் காட்ட வேண்டும் என்று, மிஷின்கள் ஓடும் ஷாப்பைப் பார்த்த அந்த அறைச் சுவரை எடுத்துவிட்டுக் கண்ணாடி வைத்திருந்தார்கள்.

பூஜையை நடத்துவது ஷாப் ஃபோர்மேன். தருமபுரிக்காரர், ஐம்பது தாண்டியவர். வெள்ளிக்கிழமை தொழுகைக்கு நான் கிளம்பத் தாமதமானால் அவரே கண்ணாடியைத் தட்டி, "கெளம்பு பாய், நேரமாவுது" என்பார். நோன்பு மாதத்தில் எங்கள் வீட்டுக் கஞ்சி வந்தால் முதல் தம்ளர் அவருக்கு, பெரும்பாலும் இரண்டாவதும் அவருக்குத்தான். இப்படிப்பட்ட மனிதரைப் பற்றித்தான் எழுதுகிறேன் என்பதை இங்கேயே சொல்லிவைக்கிறேன்.

அன்று மதியம் லேத்துகள் நின்றன, பிரஸ் நின்றது, கம்ப்ரஸர் நின்றது. இத்தனை நாள் இரைச்சலில் அமுங்கிக் கிடந்த சர்வரின் மின்விசிறிச் சத்தம் ஷாப் முழுக்கத் தெளிவாகக் கேட்டது. எல்லோரும் குளித்துவிட்டு வந்து கூடியிருந்தார்கள். ஃபோர்மேன் கற்பூரத் தட்டோடு கண்ணாடி அறை வாசலில் வந்து நின்றார்.

"என்னா பாய், எல்லாம் ஓய்வு எடுக்குது. உன் பொட்டி மட்டும் என்னா பாவம் பண்ணுச்சு? அதுக்கும் ஒரு நாள் லீவு குடு" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். நல்ல சிரிப்புதான். நான் சொல்ல வேண்டியது ஒரு வரி: அது நின்றால் திரும்ப எழாது அண்ணா. அவ்வளவுதான். அந்த வரி வரவில்லை.

ஏன் வரவில்லை என்று சொல்வதற்கே எனக்குக் கூச்சமாக இருக்கிறது. அந்த வருஷங்களில் பேப்பரைத் திறந்தாலே எங்கேயாவது மதக்கலவரம் என்றிருக்கும், மனசு கனக்கும். பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர் பேப்பர் படித்தால் நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொள்வேன். அத்தா வீட்டில் திரும்பத் திரும்பச் சொல்வார்: "அவங்க விசேஷத்துல 'வேணாம்'ங்கற வார்த்தை ஒன் வாயிலருந்து வரவே கூடாது." நான் அதை அப்படியே விழுங்கி வைத்திருந்தேன். பூஜைத் தட்டைப் பார்த்ததும் எனக்கு டிஸ்க் ஞாபகம் வரவில்லை, அத்தாதான் ஞாபகம் வந்தார். இவ்வளவு பேர் முன்னால் நான் முடியாது என்றால், பாய் நம்ம பூஜையைத் தடுத்துட்டான் என்று ஆகிவிடாதா.

"அதுக்கென்னங்கண்ணா, இதோ" என்றேன்.

கீபோர்டில் கட்டளையை நானே அடித்தேன், சுவிட்சை நானே அணைத்தேன். மின்விசிறி மெதுவாகி நின்றது. கிண்ணத்தோடு என் பக்கத்தில் நின்ற அந்தப் பெண்தான் பெட்டியின் நெற்றியில் சந்தனமும் குங்குமமும் வைத்தாள். பூசணிக்காய் உடைத்தார்கள். பொரிகடலைப் பொட்டலம் என் கையிலும் வந்தது, வீட்டுக்கென்று ஃபோர்மேன் இன்னொன்றும் திணித்தார். நான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

லீவுக்குக் கிருஷ்ணகிரி போனேன். பள்ளிவாசலில் கை ஏந்தி, அந்த டிஸ்க் சுற்ற வேண்டும் என்று கேட்டேன். படைத்தவனிடம் கேட்கத் தெரிந்த எனக்கு, ஒரு ஃபோர்மேனிடம் சொல்லத் தெரியவில்லை.

லீவு முடிந்து போய் சுவிட்சைப் போட்டேன். மின்விசிறி சுற்றியது. டிஸ்க்கிலிருந்து டிக் டிக் என்று ஒரு சின்னச் சத்தம் வந்தது, பிறகு அதுவும் நின்றது. அணைத்து அணைத்துப் போட்டேன். சந்தனம் காய்ந்து பெட்டியில் வெடித்திருந்தது. எந்த மேசையிலும் F வரவில்லை. வழக்கம்போல "பாய், பாய்" என்று குரல்கள் கேட்டன. அன்றைக்கு அந்தக் குரல்களைக் கேட்டு எங்கேயாவது ஓடிவிடலாம் போல இருந்தது.

பெங்களூருக்குப் போன் போட்டதும் இன்ஜினியர் உடனே கிளம்பி வந்துவிட்டார். எல்லைக்கு அந்தப் பக்கம்தானே. அவர் வந்தபோது கண்ணாடி அறையைச் சுற்றி ஷாப்பே நின்றது. பெட்டியின் மேலிருந்த குங்குமத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"ஆஃப் மாடபேடி அந்த ஹேளித்தே அல்வா?" என்றார்.

அணைக்காதே என்று சொன்னேனே என்கிற அந்தக் கன்னடக் கேள்வி ஓசூரில் யாருக்குத்தான் புரியாது. அத்தனை முகமும் என் பக்கம் திரும்பியது. கண்ணாடி அறையில் ஒளிய இடம் இல்லை.

ஃபோர்மேன் கிட்டே வந்து, குரலைத் தாழ்த்தி, "தெரியுமா பாய் ஒனக்கு? தெரிஞ்சும் ஏன் சொல்லல?" என்று கேட்டார்.

"மறந்துட்டேன் அண்ணா" என்றேன்.

அவர் என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். என்ன படித்தார் என்று தெரியாது. அவர் முகம் வாடியது மட்டும் தெரிந்தது. அதற்குள் மேனேஜர் வந்து கத்த ஆரம்பித்தார். யார் அணைத்தது, எவன் அணைக்கச் சொன்னது என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள், "நான்தான் சார் சொன்னேன். பாய் மேல தப்பில்ல" என்று ஃபோர்மேன் முன்னால் வந்து நின்றார். தன் கீழே வேலை செய்கிற பையன்கள் அத்தனை பேர் முன்னாலும் அந்த மனிதர் திட்டு வாங்கினார். நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். சுவிட்சை அணைத்த கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன்.

இன்ஜினியர் டிஸ்க்கைக் கழற்றினார். உள்ளங்கையில் படுக்கவைத்து, மணிக்கட்டை வெடுக்கென்று ஒரு திருப்புத் திருப்பினார். திரும்பப் பொருத்திச் சுவிட்சைப் போட்டதும் ஓர் உறுமலோடு அது சுற்றத் தொடங்கியது. "எவ்வளவு நேரம் தாங்கும்னு சொல்ல முடியாது. இப்பவே எல்லாத்தையும் வேற எடத்துக்குக் காப்பி பண்ணிடு" என்றார்.

வேறு இடம் எங்கே இருக்கிறது. டாஸ் கம்ப்யூட்டர்களின் டிஸ்க்குகள் கையளவு. பெரிய டிஸ்க் இருந்தது மேனேஜரின் புதுக் கம்ப்யூட்டரில் மட்டும்தான், அதுவோ சர்வரோடு பேசாத கம்ப்யூட்டர். அப்போதுதான் எனக்குத் தோன்றியது. அதை விண்டோஸில் எழுப்பாமல், தினமும் பழைய கம்ப்யூட்டர்களுக்குப் போடுகிற என் டாஸ் ஃப்ளாப்பியைப் போட்டு எழுப்பினேன். கார்டு ஒரே ரகமாக இருந்தது நல்லதாகப் போயிற்று. பொட்டலத்தைப் பழைய விதமாகக் கட்டு என்று சொல்கிற வரி அந்த ஃப்ளாப்பியிலேயே இருந்தது. ஒவ்வொன்றாக ஏற்றினேன், பெயர் கொடுத்தேன். மேனேஜரின் புதுத் திரையில் F வந்து நின்றது. வாரக்கணக்கில் தலையை உடைத்துக்கொண்டும் வராத F. சுற்றி நின்றவர்கள் கை தட்டினார்கள். "பாய்னா பாய்தான்" என்று யாரோ சொன்னார்கள். அதற்கு நான் செருப்படி வாங்கியிருக்கலாம்.

எதை முதலில் காப்பி செய்வது என்று மேனேஜரே சொன்னார். டெஸ்பாட்ச், ஸ்டோர்ஸ், வரைபடம். இன்ஸ்பெக்‌ஷன் கடைசி. அது பழைய பதிவுதானே, ரெஜிஸ்டரும் இருக்கிறதே என்றார். அவள் என் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். நான் திரும்பிப் பார்க்கவில்லை, சொன்ன வரிசையிலேயே அடித்தேன். ஃபைல் பெயர்கள் திரையில் ஒன்றன்பின் ஒன்றாக ஏறிக்கொண்டே போயின. மற்றதெல்லாம் முடிந்து அவளுடையது தொடங்கி, கால்வாசிகூட ஆகியிருக்காது. சர்வரில் கரகரவென்று ஒரு சத்தம் கேட்டது. பெயர்கள் நின்றன. இன்ஜினியர் மறுபடி கழற்றி, மறுபடி திருப்பி, என்னென்னவோ செய்து பார்த்தார். அது எழுந்திருக்கவே இல்லை.

அவள் அழவில்லை. பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்துக் குடித்துவிட்டு, ஸ்டோருக்குப் போய் முதல் ரெஜிஸ்டரைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

அன்றிலிருந்து என் ஷிஃப்ட் முடிந்ததும் அவள் பஸ்ஸுக்குக் கிளம்புகிறவரை பக்கத்தில் உட்கார்ந்து ரெஜிஸ்டரை நான் வாசிப்பேன், அவள் அடிப்பாள். பரிகாரம் என்று என் மனசுக்குள் ஒரு பெயர் வைத்திருந்தேன். பெயர் பெரிதாக இருந்ததே தவிர வேலை ஓடவில்லை. சில வருஷத்துக் கையெழுத்துகள் படிக்கவே முடியாதபடி கிறுக்கல். வெள்ளிக்கிழமைகளில் ஃபோர்மேன் வழக்கம்போலக் கண்ணாடியைத் தட்டி, "கெளம்பு பாய், நேரமாவுது" என்பார். குரலில் ஒரு மாற்றமும் இல்லை. மாறியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். பள்ளிவாசலில் உட்கார்ந்தால் அவர் திட்டு வாங்கியதுதான் கண்முன் வரும். நோன்பு வந்தபோது கஞ்சியை எடுத்துக்கொண்டு அவரிடம் போக முதல் தடவையாகத் தயங்கினேன். அவராகவே தம்ளரோடு வந்து நின்றார்.

மார்ச் முடிந்தது. அவள் பாதியைத் தாண்டியிருந்தாள். மேனேஜர் முதலில் பார்க்கலாம் என்றார். காண்ட்ராக்டைச் சில மாதம் நீட்டினார். அதற்குள் மேலிடத்தில் புது ஆள் எடுப்பதையே நிறுத்திவிட்டார்கள், அந்த பெர்மனென்ட் இடமே இல்லாமல் போயிற்று. காண்ட்ராக்ட் முடிகிற நாளில் மேசையைத் துடைத்தாள், தன் டம்ளரைப் பையில் போட்டுக்கொண்டாள். மறுநாள் அம்மாவோடு ஊருக்குக் கிளம்புவதாகச் சொன்னாள். பஸ் வருகிற வரைக்கும் கேட் பக்கத்தில் நானும் கூட நின்றேன்.

"நெசமாவே மறந்துட்டீகளா அண்ணே?" என்று கேட்டாள்.

அத்தனை மாதம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தும் அவள் கேட்கவில்லை. நான் எப்போதும் அதற்குப் பயந்துகொண்டேதான் வாசித்துக்கொண்டிருந்தேன். இல்லை என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். தட்டைப் பார்த்துப் பயந்தது, அத்தா சொன்னது, கூட்டத்துக்கு முன்னால் வேண்டாம் என்று சொல்ல முடியாமல் போனது, எல்லாம். நீ புரிந்துகொள்வாய் என்று வேறு சேர்த்துக்கொண்டேன்.

அவள் நிதானமாகக் கேட்டாள். கோபப்படவில்லை.

"ஒங்களுக்குச் சொல்ல முடியலைன்னா சரி. எம் பக்கத்துலதான நின்னீக? சந்தனக் கிண்ணம் எங் கையிலதான இருந்துச்சு? எங் காதுல ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, 'ஏண்ணே, இத அணைக்கக் கூடாதாம், நான் பொட்டு மட்டும் வச்சு விட்டுடுறேன்'னு நானே சொல்லியிருப்பேன்ல. நான் சொன்னா அதுல யாருக்கு என்ன வந்துரப் போவுது?"

பஸ் வந்தது. அவள் ஏறி, ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து, கையை ஆட்டினாள். நான் பதிலுக்கு ஆட்டினேனா என்று நினைவில்லை. தினமும் பக்கத்து நாற்காலியில் இருந்து, என் டிபன் பாக்ஸைத் திறந்து உரிமையோடு எடுத்துச் சாப்பிட்டு, என்னை அண்ணே என்று கூப்பிட்ட பெண். அவளிடம் சொல்லலாம் என்று அந்த நிமிஷத்தில் எனக்குத் தோன்றவே இல்லை. நான் பயந்த அந்தக் கூட்டத்தில் அவளையும் சேர்த்துத்தான் எண்ணியிருந்தேன்.